திருவாசகத்துக்கு உருகிய பாதிரியார்
எண்பதாவது பிறந்த நாளில் தில்லைப் பாட்டை உலகுக்குத் தந்த ஜி.யு. போப்

மார்கழி பிறந்துவிட்டால் தில்லை நகருக்குத் தனிக்களை வந்துவிடும். கடலூர் செம்மண்டலத்திலும், மஞ்சக்குப்பத்திலும், திருப்பாதிரிப்புலியூரிலும் பஸ் ஏறி, திருவாதிரைத் தரிசனத்துக்காகச் சிதம்பரம் போகிறவர்கள் ஏராளம். அந்தப் பத்து நாள் திருவிழாவில் மாணிக்கவாசகர் திருவுருவத்தை எழுந்தருளச் செய்து, நடராஜப் பெருமானின் சந்நிதியில் திருவெம்பாவை ஓதுவார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டின் பொருள் முழுவதும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? கை தானாகக் கூப்பும். கண் தானாகக் கசியும்.

பொருளைப் பற்றி இந்த ஊரிலேயே ஒரு பழங்கதை உண்டு. ஒரு நாள் மாணிக்கவாசகரின் குடிலுக்கு முன்பின் தெரியாத அந்தணர் ஒருவர் வந்தார். பாட்டுக்களை எல்லாம் சொல்லும்படி கேட்டு, ஏட்டில் எழுதிக் கொண்டார். எழுதி முடித்ததும் மறைந்து போனார். மறுநாள் காலையில் அந்த ஏடு பொன்னம்பலத்துப் படியில் கிடந்தது. எடுத்துப் பார்த்த தில்லைவாழ் அந்தணர்கள் வியப்படைந்தார்கள். நேரே மாணிக்கவாசகரிடம் சென்று, இதற்குப் பொருள் என்ன என்று கேட்டார்கள். அவர் வாய் திறந்து விளக்கம் சொல்லவில்லை. அவர்களைக் கோயிலுக்கு அழைத்து வந்தார். ஆடுகின்ற பெருமானைச் சுட்டிக் காட்டி, இவரே பொருள் என்றார். அந்த ஒளியிலேயே கலந்துவிட்டார்.

எழுதியவரே பொருள் சொல்லாமல் போன நூலுக்கு, ஆயிரம் வருஷம் கழித்து ஒருவர் பொருள் எழுத உட்கார்ந்தார். அதுவும் இங்கிலீஷில். அதுவும் சிதம்பரத்திலிருந்து பல ஆயிரம் மைலுக்கு அப்பால், ஆக்ஸ்போர்டு நகரத்தில். அவர் சைவர் அல்லர், இந்தியரும் அல்லர், கிறிஸ்தவப் பாதிரியார். அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டி இருந்தது.

அவர்தான் ஜார்ஜ் யுக்ளோ போப். தமிழ்ப் புலவர்கள் அன்போடு போப்பையர் என்று அழைத்த அறிஞர்.

கனடாவில் பிறந்தவர்

கனடா நாட்டில் பிரின்ஸ் எட்வர்டு தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே 1820-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி போப் பிறந்தார். தந்தை வணிகர். போப்புக்கு ஆறு வயது ஆனபோது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, பிளிமத் துறைமுக நகரில் குடியேறியது.

வீட்டில் தெய்வபக்தி மிகுதி. இந்தியாவுக்குச் சென்று சமயத் தொண்டு செய்ய வேண்டும் என்ற ஆசை இளம் வயதிலேயே போப்பின் மனத்தில் ஊன்றிவிட்டது. அதற்கு முதல்படியாக அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். அவருடைய முதல் தமிழ்ப் பாடம் நடந்தது 1837-ஆம் வருஷம். அப்போது அவருக்கு வயது 17. தமிழ்நாட்டின் மண்ணை மிதிப்பதற்கு முன்பே, இங்கிலாந்துக் குளிரில் உட்கார்ந்து, நம்முடைய எழுத்துக்களை அவர் எழுதிப் பழகியிருக்கிறார்.

1839-இல் சென்னைக்குக் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டுதான் வரவேண்டும். சென்னைக்கு வந்தபின், அந்நாளில் புகழ்பெற்று விளங்கிய இராமாநுச கவிராயரிடம் பாடம் கேட்டார். பழைய முறையில் படித்த பெரும் புலவர் ஆசிரியர். இருபது வயது வெள்ளைக்காரர் மாணவர். இலக்கணத்தையும் பழைய நூல்களையும் வரிசையாகக் கற்றார். பிற்காலத்தில் அவர் செய்த பெரிய காரியங்களுக்கெல்லாம் கால்கோள் அந்தப் பாடங்களே.

சாயர்புரமும் தஞ்சையும்

1842-இல் திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரத்துக்குப் போப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். பனங்காடும் தேரிமணலும் சூழ்ந்த அந்த ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றை வளர்த்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தமிழோடு கிரேக்கமும் லத்தீனும் எபிரேயமும் கற்றுக் கொடுத்தார். இன்று அதே ஊரில் அவர் பெயரால் போப் கல்லூரி நடந்து வருகிறது.

சாயர்புர வாழ்க்கையில் துயரமும் உண்டு. மணமாகிச் சில வருஷங்களிலேயே முதல் மனைவி இந்த மண்ணில் காலமானார். 1849-இல் போப் மறுமணம் செய்து கொண்டு இங்கிலாந்துக்குச் சென்றார். திரும்பி வந்து 1851-இல் தஞ்சாவூரில் பணியேற்றார்.

தஞ்சையில் ஏழு வருஷம். தமிழ் படிப்பதற்கு அதைவிட நல்ல இடம் எது? அங்கேதான் போப்பின் தமிழ் முதிர்ச்சி அடைந்தது. பிறநாட்டார் தமிழ் கற்பதற்கான கைந்நூல் ஒன்றை 1855-இல் வெளியிட்டார். தமிழ்ப் பிள்ளைகளுக்காக வினா விடை முறையில் இலக்கண நூல்கள் எழுதினார். சிறந்த செய்யுட்களைத் திரட்டித் தமிழ்ச் செய்யுட் கலம்பகம் என்ற பெயரில் பதிப்பித்தார்.

மலைமேல் ஒரு வாத்தியார்

தஞ்சைக்குப் பிறகு உதகமண்டலம். அங்கே 1859 முதல் பதினொரு வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினார். அதன்பின் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பு. அதிலும் பத்து வருஷத்துக்கு மேல்.

வாத்தியார் போப் மிகவும் கண்டிப்பானவர். பிரம்புக்கு ஓய்வு கொடுக்காதவர் என்று பேர் வாங்கியவர். அவரிடம் படித்தவர்கள் அவரை நினைக்கும்போது படிப்போடு பிரம்பும் நினைவுக்கு வந்திருக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. திருவாசகத்துக்கு உருகிய மனமும், பிரம்பெடுத்த கையும் ஒரே மனிதருடையவைதான். பெரியவர்களின் சரித்திரத்தில் இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மனிதர் முழுமையாகத் தெரிவார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தியாவில் உழைத்துவிட்டு, 1880-களின் தொடக்கத்தில் போப் இங்கிலாந்து திரும்பினார். வயது அறுபதைக் கடந்துவிட்டது. அந்த வயதில் நெருப்புக் கணப்பின் அருகே நாற்காலியில் சாய்ந்து, பழைய நாட்களைப் பேசிக் கொண்டிருந்தாலே போதும். அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் போப்பின் மெய்யான வேலை அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

ஆக்ஸ்போர்டில் தமிழ் ஒலி

1884-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதிக்கும் ஆசிரியரானார். இந்தியாவில் கலெக்டராகவும் ஜட்ஜாகவும் வரப்போகும் ஐ.சி.எஸ். இளைஞர்கள் அவருடைய மாணவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது கச்சேரித் தமிழ். மனுவைப் படிக்கத் தெரிய வேண்டும். சாட்சியிடம் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். பரீட்சையில் தேற வேண்டும். அவ்வளவுதான்.

போப்புக்கு அது போதவில்லை. ஒரு ஜனத்தை ஆளப் போகிறவன் அந்த ஜனத்தின் உள்ளத்தை அறிய வேண்டாமா? உள்ளத்தை அறிய வேண்டுமானால் அவர்கள் எதைப் பாடுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டும்.

1886-இல் திருக்குறள் 1330 பாக்களையும் ஆங்கிலச் செய்யுளில் பெயர்த்து வெளியிட்டார். அதற்கு முன்பு துரு என்ற பாதிரியார் 63 அதிகாரங்களை உரைநடையில் ஆங்கிலமாக்கியிருந்தார். எஞ்சியவற்றையும் சேர்த்து, முழுநூலையும் செய்யுளாகவே தந்தவர் போப். 1893-இல் சமண முனிவர்கள் பாடிய நாலடியாரின் 400 பாடல்களும் ஆங்கிலத்தில் வந்தன.

இரண்டும் நீதி நூல்கள். நீதியைப் பெயர்ப்பது ஓரளவு எளிது. பொய் சொல்லாதே என்றால் எந்த நாட்டிலும் பொய் சொல்லாதே என்றுதான் பொருள். ஆனால் அழுகையை எப்படிப் பெயர்ப்பது?

நிலவொளியில் ஒரு வாக்கு

பேலியல் கல்லூரி ஆக்ஸ்போர்டின் பெருமை மிக்க கல்லூரிகளில் ஒன்று. அதன் தலைவர் பெஞ்சமின் ஜோவட். கிரேக்க ஞானி பிளேட்டோவின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த மேதை. 1888-இல் அந்தக் கல்லூரியின் ஆலயக் குருவாகப் போப் அமர்ந்தார்.

ஒரு நாள் மாலை. கல்லூரி ஆலயத்தில் பிரார்த்தனை முடிந்தது. இரண்டு கிழவர்களும் முற்றத்தில் உலாவிக் கொண்டிருந்தார்கள். பேச்சு தமிழ்க் கதைகளிலும் கவிதையிலும் தத்துவத்திலும் போயிற்று. போப் சொல்லச் சொல்ல ஜோவட் கேட்டுக் கொண்டே வந்தார். நடுவே ஓர் அமைதி. சட்டென்று ஜோவட், இதையெல்லாம் அச்சிட்டே தீர வேண்டும் என்றார்.

போப் தயங்கினார். அது நீண்ட காலம் பிடிக்கும் வேலை. சாகாவரம் வாங்கி வரவில்லையே நான் என்றார்.

ஜோவட் திரும்பி நின்றார். அவருடைய வெள்ளைத் தலையிலும் கனிந்த முகத்திலும் நிலவொளி விழுந்தது. போப்பின் தோளில் கையை வைத்தார். பெரிய காரியம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி என்றும், முடிக்கும் வரை நீர் இருப்பீர் என்றும் சொன்னார்.

1893-இல் ஜோவட் காலமானார். நூல் முடிவதை அவர் பார்க்கவில்லை. ஆனால் சோர்வு வந்தபோதெல்லாம் அந்த வாக்குத்தான் போப்புக்கு ஊன்றுகோலாக இருந்தது. பல வருஷம் கழித்துத் திருவாசகத்தின் முகவுரையில் அந்த நிலவு இரவை அவர் மறவாமல் எழுதி வைத்தார்.

அதே ஊரில் இன்னொரு பழைய ஏடு

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போப் தமிழோடு போராடிக் கொண்டிருந்த அதே ஆக்ஸ்போர்டில், இன்னொரு பழைய மொழியின் பெரும் புதையலும் இருந்தது. அது வெல்ஷ் மொழி.

இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டியிருக்கிறது வேல்ஸ் நாடு. அதன் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு இல்லாத மிகப் பழைய மொழி. சுமார் 600 வருஷங்களுக்கு முன் தோலில் எழுதப்பட்ட ஹெர்கெஸ்ட் செம்புத்தகம் என்ற ஏட்டில், அந்த நாட்டின் பழங்கதைகளும் பாட்டுக்களும் அடங்கியிருக்கின்றன. அந்த ஏடு ஆக்ஸ்போர்டு ஜீசஸ் கல்லூரிக்குச் சொந்தம்.

அந்தக் கதைகளை உலகுக்கு அறிவித்தவரும் வேற்று நாட்டவரே. அவர் சார்லட் கெஸ்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1833-இல் வேல்ஸ் நாட்டு இரும்பாலை முதலாளி ஒருவரை மணந்து அங்கே போனார். போன இடத்தில் வெல்ஷ் கற்றார். பத்துப் பிள்ளைகளை வளர்த்துக் கொண்டே, மாபினோகியன் என்ற பெயரில் அக்கதைகளை ஆங்கிலமாக்கி 1838 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். அப்போது வேல்ஸ் நாட்டுப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில், தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டு அவமானப்படுத்துவார்கள்! சொந்த வீட்டுப் பிள்ளையின் வாயை அடைத்த காலத்தில், வெளியிலிருந்து வந்த மருமகள் அந்த வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து காட்டினார்.

மாத்யூ ஆர்னால்டு என்ற ஆங்கிலக் கவிஞர் இத்தகைய மொழிபெயர்ப்புக்களைப் படித்தே மயங்கினார். அவருக்கு வெல்ஷ் மொழிப் புலமை கிடையாது. இருந்தாலும் அந்த இலக்கியத்தின் பெருமையைப் பற்றி ஆக்ஸ்போர்டில் தொடர்ந்து சொற்பொழிவு செய்தார். 1867-இல் அது நூலாக வந்தது. 1877-இல் அந்த மொழிக் குடும்பத்துக்கென்றே ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. முதலில் அமர்ந்தவர் ஜான் ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டவர்.

மொழிபெயர்ப்பு மூலத்துக்கு ஈடாகாது. ஆனால் அது கதவைத் தட்டும். யாரோ ஒருவர் எழுந்து வந்து திறப்பார். போப்பும் தமிழுக்காக அப்படித்தான் தட்டினார்.

அம்மானைக்கு ஆங்கிலம் என்ன?

திருவாசகம் 51 பகுதிகள் கொண்டது; பாடல்கள் அறுநூற்றைம்பதுக்கு மேல். அதில் திருவம்மானை உண்டு, திருப்பொன்னூசல் உண்டு, திருப்பொற்சுண்ணம், திருச்சாழல், திருவுந்தியார் எல்லாம் உண்டு. இவை நம் வீட்டுப் பெண்கள் விளையாடியும் வேலை செய்தும் பாடிய பாட்டு வகைகள். காய்களைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் அம்மானையை லண்டன் வாசகனுக்கு எப்படிச் சொல்வது? சுண்ணம் இடிக்கும் உலக்கையின் ஓசையை ஆங்கில யாப்பில் எப்படிக் கொண்டு வருவது?

திருச்சாழலுக்குப் பின்னால் தில்லையிலேயே நடந்ததாகச் சொல்லும் கதை இருக்கிறது. ஈழத்திலிருந்து பௌத்த குருமாருடன் அரசனும் வந்தான். வாது நடந்தது. அரசனின் மகள் பிறவி ஊமை. மாணிக்கவாசகர் அவளைப் பேசச் செய்து, எதிர்த்தரப்பின் கேள்விகளுக்கு அவள் வாயாலேயே விடை சொல்ல வைத்தார் என்பார்கள். இந்தக் கதை தெரியாதவனுக்குப் பாட்டின் சுவை பாதிதான் தெரியும். ஆகவே போப் பாட்டை மட்டும் பெயர்த்துவிட்டு நிற்கவில்லை. மாணிக்கவாசகரின் வரலாற்றையும், தலக் கதைகளையும் முன்னே எழுதிச் சேர்த்தார்.

தத்துவம் அதைவிடக் கடினம். பதி, பசு, பாசம் என்று சைவ சித்தாந்தம் முப்பொருளைச் சொல்கிறது. பதி இறைவன், பசு உயிர், பாசம் கட்டு. போப் பதியை ஆண்டவன் என்றும், பசுவை மந்தை என்றும், பாசத்தைத் தளை என்றும் ஆங்கிலத்தில் வைத்தார். மந்தையும் மேய்ப்பனும் கிறிஸ்தவ வேதம் படித்தவனுக்குப் பழகிய பேச்சு. சிதம்பரத்துச் சொல் ஒன்று, ஆக்ஸ்போர்டுக்காரன் நெஞ்சில் அவனுக்குத் தெரிந்த வாசல் வழியாகவே நுழைந்தது. அது சரியான வாசல்தானா என்று கேட்கலாம். வேறு வாசல் அங்கே இருந்ததா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தத் தத்துவத்துக்கு விளக்கமாக, உமாபதி சிவாசாரியார் பாடிய திருவருட்பயன் நூறு குறட்பாக்களையும் போப் பெயர்த்துச் சேர்த்தார். உமாபதி சிவம் யார்? தில்லைவாழ் அந்தணராக இருந்து, குல வரம்பைக் கடந்து குருவைத் தேடிக் கொண்டதால் ஒதுக்கப்பட்டு, சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த ஞானி. அவர் வாக்கும் தில்லைப் பக்கத்திலிருந்து தேம்ஸ் நதிக்கரைக்குப் போயிற்று.

போப் தனியாக உழைக்கவில்லை. தமிழ்நாட்டிலும் அப்போது விழிப்பு ஏற்பட்டிருந்தது. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். போப் அதைப் படித்துப் பல பாட்டுக்களை ஆங்கிலமாக்கினார். ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை 1895-இல் சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் தந்தார்; 1897-இல் சித்தாந்த தீபிகை என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கடல் கடந்து போப்பின் எழுத்துக்கள் அந்தப் பத்திரிகைக்கு வந்தன. நம் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் மடத்தில் 1905-இல் சைவ சித்தாந்த சமாஜம் உருவானதும் இந்த விழிப்பின் தொடர்ச்சிதான்.

இரண்டு பக்திக்கு நடுவே

போப் கடைசி வரை கிறிஸ்தவப் பாதிரியாராகவே இருந்தார். தம் சமயமே மேலானது என்ற எண்ணத்தை அவர் விடவில்லை. திருவள்ளுவர் மயிலையில் கிறிஸ்தவ போதனையைக் கேட்டிருக்கலாம் என்றும் அவர் ஊகித்து எழுதினார். தமிழறிஞர்கள் அதை ஏற்கவில்லை, மறுத்து எழுதினார்கள். அந்த ஊகத்துக்கு ஆதாரமும் இல்லை.

அவருடைய ஆங்கிலச் செய்யுளிலும் குறை சொல்ல இடமுண்டு. எதுகைக்காகச் சில இடங்களில் சொல்லை வளைத்தார். இன்றைய காதுக்கு அந்த நடை பழைய கோயில் மணிபோல் கனமாக ஒலிக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடுகிறவன் நெஞ்சு உருகும் இடம் வரும்போது, போப் எதிர்க்கட்சி வக்கீலாக நிற்கவில்லை. பாவி நான், நாயினும் கடையேன் என்று கதறும் அடியவரின் குரலில் தம்முடைய பிரார்த்தனையின் குரலையும் அவர் கேட்டார். திருவாசகத்துக்கு உருகாதவர் வேறெந்த வாசகத்துக்கும் உருகமாட்டார் என்று நம் நாட்டில் சொல்வார்கள். அதற்குச் சாட்சி சொல்ல வேற்றுச் சமயத்தவர் ஒருவர் வந்தாரென்றால், அது அவருக்கும் பெருமை; நூலுக்கும் பெருமை.

போப் பிறந்து மூன்று வருஷம் கழித்து, 1823-இல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தவர் வள்ளலார் இராமலிங்க அடிகள். திருவாசகத்தில் அவர் தோய்ந்த தோய்வு ஊரறிந்தது. ஒரே காலத்தில் ஒரே நூல், வடலூரில் ஒரு துறவியையும், எங்கோ பிறந்த ஒரு பாதிரியாரையும் பிடித்துக் கொண்டது. இருவரும் சந்தித்துக் கொண்டதில்லை.

எண்பதாம் பிறந்த நாள்

1900-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி. போப்புக்கு அன்று எண்பது நிறைந்தது. அன்றைய தேதியிட்டு, திருவாசக மொழிபெயர்ப்பின் முகவுரையில் கையெழுத்திட்டார்.

பழைய குறிப்புக்களைப் புரட்டி, முதல் தமிழ்ப் பாடம் 1837-இல் என்பதை அவரே கண்டு எழுதினார். அறுபத்து மூன்று வருஷம்! இதோடு தம்முடைய வாழ்நாள் எழுத்து வேலை நிறைவடைகிறது என்று சொல்லும்போது, தம் உள்ளம் கலங்குவதையும் அவர் மறைக்கவில்லை.

ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக அச்சகமே அந்த நூலை வெளியிட்டது. தமிழ் மூலம், ஆங்கிலப் பெயர்ப்பு, வரலாறு, தத்துவ விளக்கம், அகராதி, சொல்லடைவு எல்லாம் அதில் உண்டு. பொருள் தெரியாமல் பெயர்ப்பைப் படிக்கிறவன், ஒரு நாள் மூலத்தையே படிக்கட்டும் என்று ஏணியையும் கூடவே வைத்துக் கொடுத்தார் போப்.

அந்த ஏணியில் வெள்ளைக்காரர்கள் எத்தனை பேர் ஏறினார்களோ! ஆனால் நம்மவர்களுக்கும் அது உதவிற்று. ஷேக்ஸ்பியரும் மில்டனும் படித்து, தேவார திருவாசகத்தைப் பாட்டிமார் சமாசாரம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஆங்கிலம் படித்த தமிழனுக்கு, ஆக்ஸ்போர்டு முத்திரையோடு வந்த திருவாசகம் வேறுவிதமாகத் தெரிந்தது. நம் வீட்டுப் பொருளின் விலையைப் பிறர் சொல்லித்தான் நாம் தெரிந்து கொள்ள வேண்டியிருந்தது என்பது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம். ஆனாலும் உண்மை.

1906-இல் ராயல் ஆசியக் கழகம் போப்புக்குத் தங்கப் பதக்கம் வழங்கிக் கௌரவித்தது. 1908-ஆம் வருஷம் பிப்ரவரி 11-ஆம் தேதி, 87-வது வயதில் அவர் காலமானார். ஜோவட் சொன்ன வாக்குப் பலித்தது. நூல் முடியும் வரை மட்டுமா? அதற்கு மேலும் எட்டு வருஷம் அவர் இருந்தார்.

கல்லறை சொல்லும் செய்தி

போப்பைப் பற்றி நம் நாட்டில் இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, கடிதம் எழுதும்போது தலைப்பில் திருவாசகப் பாடலை எழுதுவார், அப்போது கண்ணீர்த் துளி தாளில் விழும் என்பது. கேட்க இனிமையான கதை. மற்றொன்று, தம் கல்லறையில் தமிழ் மாணவன் என்று பொறிக்கச் சொன்னார், அப்படியே பொறித்திருக்கிறது என்பது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதைச் சொல்வார்கள்.

ஆக்ஸ்போர்டில் செயிண்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல் இருக்கிறது. அதில் அந்தச் சொற்கள் இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று அவரைக் குறித்திருக்கிறது. பல்கலைக் கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதித்ததையும், பேலியல் கல்லூரிக் குருவாக இருந்ததையும் சொல்கிறது. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவருடைய வாழ்நாள் உழைப்பை வியந்து இந்தக் கல்லை நாட்டினார்கள் என்றும் சொல்கிறது.

யோசித்துப் பார்த்தால், கதையைவிட உண்மை நன்றாக இருக்கிறது. கனடாவில் பிறந்து, இங்கிலாந்தில் இறந்தவரை, தென்னிந்தியர் என்று அவருடைய கல் அறிவிக்கிறது! அந்தக் கல்லுக்கு இங்கிருந்து நம்மவர்கள் பணம் அனுப்பியிருக்கிறார்கள். நிலவொளியில் தோளில் கை வைத்த ஜோவட்டும் அதே தோட்டத்தில்தான் உறங்குகிறார்.

1968 ஜனவரியில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, மெரீனா கடற்கரையில் போப்புக்குச் சிலை எழுந்தது. 2005-இல் இளையராஜா திருவாசகத்தை மேல்நாட்டு வாத்தியக் குழுவோடு இசையமைத்து வெளியிட்டார். அதிலும் தமிழோடு ஆங்கில வரிகள் கலந்து ஒலித்தன. போப் திறந்து வைத்த வழியில் இன்னும் போக்குவரத்து நிற்கவில்லை.

மார்கழியில் தில்லைக்குப் போகிறவர்கள் இந்தப் பெரியவரையும் கொஞ்சம் நினைக்கலாம். அன்று அந்தணர்கள் பொருள் கேட்டபோது, மாணிக்கவாசகர் விரலை நீட்டிக் காட்டினார். போப்பும் அதைத்தான் செய்தார். அறுபத்து மூன்று வருஷம் படித்து, ஒரு பெரிய புத்தகம் எழுதி, உலகத்தாருக்கு விரலை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடம் தமிழ். அது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரப் பயணம் கூட இல்லை.